Re: ஜியோகேஷ் அம்புக்குறி கடலைக் காட்டுது, ஏன்?

ஜியோகேஷிங்குக்காக, அதாவது ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டுக்காக, கொழும்பு விகாரமகாதேவி பூங்காவுக்கென்று நீங்கள் நண்பர்களுக்கு அனுப்பிய இடக்குறி 115 கிலோமீற்றருக்கு அப்பால் நடுக்கடலைக் காட்டுகிறது என்கிறீர்கள். போனில் பிழை இல்லை, எண்ணை எழுதிய விதத்தில்தான் பிழை.

கூகுள் மப்ஸ் தருவது தசமப் பாகை: 6.9147, 79.8612. ஜியோகேஷிங்கில் வழக்கம் பாகையும் தசமக் கலையும் (ஒரு பாகைக்கு 60 கலை). நீங்கள் தசமப் புள்ளியை மட்டும் நகர்த்தி 6° 9.147 என்று போட்டிருக்கிறீர்கள். தசமப் பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும்: 0.9147 × 60 = 54.882. ஆக N 6° 54.882, E 79° 51.672. கலையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் கிட்டத்தட்ட 1.85 மீற்றர் தள்ளும். தசமப் பாகையில் நான்கு இலக்கம் என்றால் 11 மீற்றர். அது போதாது, ஐந்தாவது இலக்கத்தையும் எடுங்கள்.

பெரிய மரத்தடியில் போனின் ஜிபிஎஸ் தடுமாறும். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுக் குறியுங்கள், வேறொரு நாளும் போய் அளந்து சராசரி எடுங்கள்.

கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத உள்ளே வைத்த தாள் நனைந்ததாகவும் சொன்னீர்கள், அதற்கு நீங்கள் பெட்டியாகப் போட்ட ஃபிலிம் டப்பாதான் காரணம். கொழும்பு மழைக்கு அது சரிவராது. றப்பர் வளையம் உள்ள மூடிப் பெட்டி வாங்குங்கள். தாளின் ஓரம் மூடியிடுக்கில் சிக்கினால் அதுவே திரிபோல நீரை உள்ளே இழுக்கும். ஜெல் பேனாவும் வேண்டாம், பென்சில் போதும்.

பெட்டிக்கு வெளியே 'ஜியோகேஷ், விளையாட்டுப் பொருள்' என்று மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். காவலாளியிடம் முதலே சொல்லி வையுங்கள். கேட்பாரற்ற பெட்டி இந்த ஊரில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.