ராஜதந்திரம் வேண்டாம், நீர்மட்டம் சொல்லுங்கள்

கேள்வி: இந்தியாவும் சீனாவும் மறுபடி நெருங்குகின்றன. கைலாச யாத்திரை தொடங்கிவிட்டது, நேரடி விமானமும் பறக்கிறது. இந்த ராஜதந்திர ஒத்துழைப்பில் கடைசியில் ஏமாறப்போவது யார்? சீனாவை நம்பலாமா? (ஒரு வாசகி)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்துக்கொண்டு வந்தவன் 'ராஜதந்திர' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சீனா அப்புறம். முதலில் இந்தச் சொல்.

வடமொழியில் தந்திரம் என்றால் முறை, ஒழுங்கு, நூல். திருமந்திரத்தை ஒன்பது தந்திரமாகப் பகுத்திருப்பது அந்தப் பொருளில்தான். ராஜதந்திரம் என்று முதலில் சொன்னவர்களும் ஆட்சி நடத்தும் முறை என்றே நினைத்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இன்று தமிழர் காதில் தந்திரம் என்று விழுந்தால் நினைவுக்கு வருவது நரி. காக்காயிடம் வடையைப் பறித்த நரி. யாரையாவது முகத்துக்கு நேரே தந்திரக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், அன்றோடு பேச்சு நின்றுபோகும். இந்தச் சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு வருகிற எந்தச் செய்தியும் 'யார் யாரை ஏய்த்தார்' என்ற கதையாகத்தான் வாசகர் மனத்தில் இறங்கும். உங்கள் கடிதத்திலும் அடுத்த சொற்களே 'ஏமாறப்போவது யார்' என்று வருகின்றன. அவற்றை எழுதியது நீங்கள் இல்லை, அந்தச் சொல் என்பது என் கட்சி.

இதில் எனக்குப் பழைய வழக்கு உண்டு. நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் தலைப்பில் 'ராஜதந்திர வெற்றி' என்று வந்தால் சிவப்பு மையால் அடிப்பேன். எனக்கு மூத்தவர் ஒருவர் அதைத் திரும்ப எழுதி அச்சுக்கு அனுப்புவார். மக்களுக்குப் புரிகிற சொல்லை ஏன் பிடுங்குகிறாய் என்பார். புரிகிறதுதான், தப்பாகப் புரிகிறதே என்பேன். வள்ளுவர் தூதுக்கென்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். தூது போகிறவனுக்கு வேண்டியவை அன்பு, அறிவு, ஆராய்ந்து பேசும் திறம் என்று மூன்றை எண்ணிச் சொல்கிறார். அந்த மூன்றில் தந்திரம் எங்கே ஐயா என்று கேட்டேன். ஓய்வு பெறும் நாள்வரை அவர் இறங்கி வரவில்லை. இலங்கைத் தமிழ் நாளேடுகளில் தூதரக அதிகாரியையே 'இராஜதந்திரி' என்று எழுதுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படும். இந்த இதழில் 'அயலுறவு' என்று எழுதுகிறோம், இனியும் அப்படித்தான்.

சரி, சீனா.

ஏமாந்த கதை என்றவுடன் எல்லோரும் எடுத்து நீட்டுவது 1954 ஏப்ரல் 29 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான பஞ்சசீல ஒப்பந்தத்தை. ஐந்து கொள்கை பேசினோம், 'இந்தி சீனி பாய் பாய்' என்று முழங்கினோம், எட்டு ஆண்டில் அடி வாங்கினோம், நேரு ஏமாந்தார் என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதன் பெயரில் பஞ்சசீலமே இல்லை. திபெத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வணிகம், போக்குவரத்து பற்றிய ஒப்பந்தம் அது. ஐந்து கொள்கைகளும் முகவுரையில் வருகின்றன. உள்ளே முழுக்கச் சந்தை எந்த ஊரில், யாத்ரிகர் எந்த வழியில் என்ற சங்கதிதான். போய்வர ஆறு கணவாய்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள்: ஷிப்கி லா, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தர்மா, லிபுலேக். எட்டு ஆண்டுக் கெடு 1962 ஜூனில் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர் வந்தது.

முழக்கம் அத்தோடு போயிற்று. கணவாய்கள் அங்கேயேதான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தபோது எல்லை வணிகத்துக்கு மறுபடி திறக்க ஒப்புக்கொண்ட மூன்று வழிகளில் இரண்டு, அந்தப் பழைய பட்டியலில் உள்ள லிபுலேக்கும் ஷிப்கி லாவும். மூன்றாவது நாது லா. நீங்கள் சொல்கிற கைலாச யாத்திரையும் ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 ஜூனில் லிபுலேக், நாது லா வழிகளில்தான் போயிற்று. மேடையில் கொள்கை பேசியவர்களை எல்லாப் பாடப்புத்தகமும் நினைவு வைத்திருக்கிறது. கணவாய்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்த அந்தக் குமாஸ்தா யாரென்று தெரியாது. எழுபது ஆண்டு கழித்தும் அவர் எழுதிய பெயர்கள் பயன்படுகின்றன. என் மரியாதை அவருக்கு.

சீனாவை நம்பலாமா என்று கேட்டீர்கள். நான் கேட்பது வேறு: இன்று காலை நீர்மட்டம் வந்ததா?

2000 ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். திபெத்தில் யிகோங் என்ற ஆற்றை ஏப்ரலில் ஒரு மலைச்சரிவு அடைத்துவிட்டது. இரண்டு மாதம் நீர் தேங்கி ஏரியானது. பிறகு ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு கிளம்பியது. அந்த நீர் போய்ச் சேர்வது யார்லுங் சாங்போவில். சாங்போ நம் பக்கம் இறங்கினால் சியாங், அசாம் சமவெளியில் பிரம்மபுத்திரா. அருணாச்சலத்தில் பாலங்கள் போயின, உயிர்கள் போயின. மேலே நீர் தேங்கிக்கொண்டிருந்த சேதி கீழே இருந்தவர்களுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் 2002-இல் ஓர் உடன்பாடு வந்தது. வெள்ளப் பருவத்தில் சாங்போவின் மூன்று நிலையங்களிலிருந்து நீர்மட்டம், நீரோட்டம், மழையளவு ஆகியவற்றைச் சீனா அனுப்ப வேண்டும். நுகேஷா, யாங்சுன், நுசியா என்பவை அந்த இடங்கள். நான் பார்த்தவரை எந்தத் தமிழ் நாளேட்டிலும் இந்தப் பெயர்கள் தலைப்பில் வந்ததில்லை. அருணாச்சலத்தின் பாசிகாட்டில் ஆற்றோரம் மாடு கட்டியிருப்பவருக்கு இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கியதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரவில் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு அவருக்கு வேண்டியது நுசியாவில் அன்று நீர் எவ்வளவு ஏறியது என்ற ஒரே ஒரு எண்.

2017-இல் பூட்டான் எல்லையை ஒட்டிய டோக்லாமில் இரண்டு படைகளும் 73 நாள் எதிரெதிரே நின்றன. அந்த ஆண்டு எண் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தது. 2023-இல் உடன்பாட்டின் காலமும் முடிந்தது. 2025 ஜூலையில் சாங்போ வளைகிற இடத்தில், மெடோக் பக்கம், பிரம்மாண்டமான நீர்மின் திட்ட வேலையைச் சீனா தொடங்கியது. ஆகஸ்டு பேச்சில், அவசர நிலை வந்தால் மனிதாபிமான அடிப்படையில் தகவல் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு இது போதாது. அவசரம் வந்துவிட்டது என்று யார் சொல்வது? மேலே இருப்பவர்தானே? கீழே இருப்பவருக்குத் தெரியும்போது தண்ணீர் வாசலில் நிற்கும். ஆண்டு முழுதும், நாள்தோறும், எழுத்தில் உறுதி தந்து எண் வர வேண்டும். படைகள் முறைத்துக்கொண்டு நிற்கும் ஆண்டிலும் வர வேண்டும். வெள்ளத்தை வைத்துக் கோபம் காட்டுவது பாவம்.

லடாக் எல்லையில் உள்ள கல்வான் பற்றி ஒரு சேதி. 2020 ஜூன் 15 இரவு நம் வீரர்கள் 20 பேர் உயிர் விட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அங்கே குண்டு பாயவில்லை. இந்திய-சீன எல்லையாக நடைமுறையில் இருக்கும் மெய்க் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று 1996-இல் இரு நாடும் எழுதிக்கொண்டிருந்தன. அந்தக் காகிதம் இருபது பேரைக் காப்பாற்றவில்லை. அந்த வலியை யாரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். ஆனால் மறுநாள் பீரங்கி முழங்கவில்லை என்பதையும் பாருங்கள். சூஷுல், மோல்டோ என்று இரு பக்கமும் மாறி மாறி, 2024 பிப்ரவரிக்குள் தளபதிகள் 21 சுற்று உட்கார்ந்தார்கள். சில சுற்றுகள் பத்து மணி நேரத்தையும் தாண்டின. அந்த அக்டோபரில்தான் டெப்சாங்கிலும் டெம்சோக்கிலும் ரோந்து போக வழி பிறந்தது. எதிரே இருப்பவரைப் பிடிக்காமலே இருபத்தொரு முறை அவர் முன்னால் போய் உட்காருவது பெரிய உழைப்பு. நான் அயலுறவு என்பது அதைத்தான்.

பேசுவதற்கு எதிராளியின் மொழி தெரிய வேண்டும். இங்கேதான் எனக்கு ஆற்றாமை. இலங்கையில் காலி நகரத்தில் 1911-இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சீனக் கடற்தளபதி செங் ஹே 1409-ஆம் ஆண்டு குறித்து நாட்டிய கல். சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னிலங்கைக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். 1411-இல் அதே கப்பற்படை இலங்கை ஆட்சியாளர் ஒருவரைப் பிடித்துக் கொண்டுபோனது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அறுநூறு ஆண்டுக்கு முன் அவர்களிடம் தமிழ் எழுத ஆள் இருந்தார் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது 1963-இல். போர் முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பிறகு சிற்றலையில் நான் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீனப் பெண்கள் ஒற்று மிகுமிடம் தப்பாமல் பேசுவார்கள். நம் பக்கம்? சீனத் தலைவர் பெயரை ஜி ஜின்பிங், ஜீ ஜின்பிங், ஷி ஜின்பிங் என்று ஒரே நாளில் மூன்று விதமாக அச்சடிக்கிறோம். சீனச் செய்தி ஒவ்வொன்றும் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டே நம்மிடம் வருகிறது. நம் கல்லூரிகளில் சீனத்துக்கு இடம் கேட்டு இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

சீனம் நேராகப் படிக்கத் தெரிந்த தமிழர் யாராவது இந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எங்கள் ஆசிரியர் குழுவில் உங்களுக்கு வேலை இருக்கிறது.