திருப்பூர் வேலையா, லோடு வண்டியா? 2 ஏக்கர் மானாவாரிக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: பென்னாகரம் பக்கம் 2 ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை போடுகிறோம். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். மனைவி, பள்ளி போகும் 2 பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகலாமா, கடனில் லோடு வண்டி எடுக்கலாமா? நான் போனால் நிலம் என்னாகும்?

பதில்: முதல் வருடம் திருப்பூருக்கே போங்கள், வண்டி இப்போது வேண்டாம். கிராமத்து லோடு வண்டிக்கு அறுவடையில்தான் நல்ல வாடகை. மழை பொய்த்தால் உங்கள் கடலையும் போகும், ஊரார் கடலையும் போகும், வண்டியும் நிற்கும். தவணை மட்டும் மாதாமாதம் வரும். மழை இல்லாத வருடத்திலும் கூலி தரும் வேலைதான் உங்களுக்குத் தேவை.

வெளிவேலைக்குப் போவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. 2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூ.10,218. அதில் கூலியும் சம்பளமும் ரூ.4,063; பயிரில் மிஞ்சியது ரூ.3,798. 2012-13 இல் பயிர்தான் முந்தி இருந்தது.

திருப்பூரில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஷிப்டுக்கு ரூ.600 என்று வைத்தால் மாதம் 25 ஷிப்டுக்கு ரூ.15,000. வாடகை, சாப்பாடு, பஸ், டீ, செல்போன் எல்லாம் சேர்ந்து ரூ.8,000 தாண்டினால் வீடு விட்டுப் போனதற்குப் பலனில்லை. லைன் வீட்டில் 3, 4 பேராகத் தங்குங்கள். ஹெல்பராகவே நின்றுவிடாமல் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் பழகுங்கள். கூலி ஏறுவது அங்கேதான்.

இனி நிலம். நிலக்கடலைக்கு 105 நாளும் நீங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை. விதைப்புக்கு 3 நாள் வாருங்கள். 20-25ஆம் நாள் முதல் களையைக் கூலியாள் வைத்து மனைவியே பார்த்துக்கொள்ளலாம். 40-45ஆம் நாள் கட்டாயம் வர வேண்டும்: இரண்டாம் களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, ஈரம் இருக்கும்போது மண் அணைக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால், பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுது மண்ணில் இறங்கிய பிறகு கொத்த நேரும்; விழுது அறுந்தால் அந்தக் காய் போச்சு.

அறுவடைக்கு மட்டும் லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். படராமல் கொத்தாக வளரும் கொத்துக் கடலைக்கு விதை உறக்கம் கிடையாது, அதாவது முற்றிய விதை முளைக்கக் காத்திருக்காது. முற்றிய காய்மேல் ஐப்பசி மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். 100ஆம் நாளில் இரண்டு செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் கருத்திருந்தால் மறுநாளே ஆள் இறக்க மனைவிக்கு முழு அதிகாரமும் கையில் பணமும் இருக்க வேண்டும். வெளியே போன பல குடும்பங்களில் கெட்டுப்போவது இந்த இடம்தான்: வேலை மனைவி தலையில், முடிவு மட்டும் போனில் கணவனிடம்.

முதல் மாதங்களின் மிச்சத்தில் வீடு பூசவோ டிவி வாங்கவோ வேண்டாம். விதைப்புக்கு 3 ரூபாய் வட்டிக்கு ரூ.50,000 வாங்கினால் 5 மாதத்தில் வட்டி மட்டும் ரூ.7,500. அந்தக் கடனை வாங்காமல் இருப்பதே உங்களுக்கு முதல் லாபம். கடன்காரன் களத்தில் நிற்காவிட்டால், குலுக்கினால் கலகலக்கும்வரை காயைக் காயவைத்து, விலை பார்த்து விற்கலாம்.

கம்பெனியில் சேரும்போதே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 விழுக்காடுதான். மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் அம்மா பெயரையும் அப்போதே பதியுங்கள். வருமான வரி கட்டாதவரை, தனியார் வேலைக்குப் போனதாலேயே விவசாயிகளுக்கு மத்திய அரசு வருடத்துக்குத் தரும் பி.எம். கிசான் ரூ.6,000 நிற்காது. பட்டா உங்கள் பெயரில் இருந்தால், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கு நேரில் வர வேண்டிய நாளைக் கேட்டுக்கொண்டு, அதை விதைப்பு லீவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.