ஒரே விதை எண், இரண்டு கணினியில் இரண்டு விடையா?

கேள்வி: பேருந்து நிறுத்த வரிசை எப்படி நீள்கிறது என்று பார்க்கும் சிமுலேஷன்தான் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட். சி++ மொழியில் எழுதியிருக்கிறேன். வீட்டில் விண்டோஸ், கல்லூரி லேபில் லினக்ஸ். ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் 'எஸ்ரேண்ட்'டுக்கு இரண்டிலும் ஒரே விதை எண் (தொடக்க எண்) கொடுத்தும் விடை மாறுகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி ஓடும் புரோகிராம் தருகிறோம் என்று ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் தர்க்கத்தில் தப்பு இல்லை, எடுத்த கருவிதான் தப்பு.

ரேண்டம் எண் தரும் 'ரேண்ட்' ஃபங்ஷன் எந்தச் சூத்திரத்தில் எண்களை உருவாக்க வேண்டும் என்று சி மொழியின் தரநிலை சொல்லவே இல்லை. அதை கம்பைலர் (நாம் எழுதுவதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) செய்பவர்களிடம் விட்டுவிட்டது. விதை எண் 1 கொடுத்துப் பாருங்கள். விண்டோஸில் விஷுவல் சி++ கம்பைலர் தரும் முதல் எண் 41. உபுண்டு லினக்ஸில் 1804289383. உச்ச வரம்பே அங்கே 32767, இங்கே 2147483647. அப்புறம் எப்படி விடை ஒத்துப்போகும்?

அதற்குப் பதில் 'எம்டி19937' என்ற ரேண்டம் எண் கருவியைப் பயன்படுத்துங்கள். சி++ மொழியின் 2011 தரநிலையிலேயே வந்துவிட்டது. விதை எண் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 10,000-வது எண் 4123659995 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று தரநிலையே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு கணினியிலும் இதை முதலில் சரிபாருங்கள். இத்தனை வருடம் கழித்தும் லேப் மேனுவல்களில் டர்போ சி காலத்து 'ரேண்ட்'டையே சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. மாணவர்கள் சென்டர் வாசலில் போய் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. அந்த எண்ணை அப்படியே, வேண்டிய வரம்புக்குள் மாற்றித் தரும் 'யூனிஃபார்ம் இன்ட் டிஸ்ட்ரிபியூஷன்' போன்றவற்றில் போட்டுவிடுவார்கள். அவற்றின் கணக்குமுறையைத் தரநிலை நிர்ணயிக்கவில்லை. திரும்பவும் விடை மாறும். அந்தப் பகுதியை நீங்களே எழுதுங்கள். 0 முதல் 9 வரை வேண்டுமா, 10-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னம் வேண்டுமா, 0.5 கூட்டி 4294967296.0-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். பயணி வரும் நேரத்துக்கு லாக் (மடக்கை) போடுகிறீர்கள் என்றால், அதன் கடைசி இலக்கங்கள் கணினிக்குக் கணினி மாறலாம் என்பதால் விடையை முழு வினாடியாக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் இடத்தில் விடை மாறும். ஒரே ஃபங்ஷனை அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் இரண்டு ரேண்டம் எண்களை எடுத்தால், எதை முதலில் எடுப்பது என்பது கம்பைலரின் இஷ்டம். லேபில் உள்ள ஜிசிசி கம்பைலர் பல சமயம் வலது பக்கத்தை முதலில் எடுக்கும். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இடமிருந்து வரும். வரும் நேரமும் ஏறும் நேரமும் இடம் மாறிப்போகும், வரிசை முழுக்கக் குழம்பும். எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால் நாள்கணக்கில் தேடினாலும் பிழை கண்ணில் படாது. ஒரு வரிக்கு ஓர் எண் என்று தனித்தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஃபங்ஷனுக்குக் கொடுங்கள்.

சென்டர்காரர்கள் விற்பதில் ஒரு தந்திரம் உண்டு: விடைகளைப் பட்டியலாக உள்ளே எழுதி வைத்துவிடுவார்கள். எந்தக் கணினியிலும் ஒரே விடைதான் வரும். வைவாவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) விதை எண்ணை மாற்றச் சொன்னாலும் அதே விடைதான் வரும். உங்கள் புரோகிராமில் விதையை மாற்றினால் விடை மாற வேண்டும், பழைய விதையைக் கொடுத்தால் பழைய விடை வர வேண்டும். இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் விதை எண்ணையும் கம்பைலர் பதிப்பையும் எழுதி வையுங்கள்.