சுவிட்ச் மாட்டிய துப்பாக்கி: தயாரித்த கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சிகாகோவில் வசிக்கிறோம். போன வருடம் கடையைப் பூட்டிவிட்டு வந்த என் தம்பியின் தொடையில், தெருச் சண்டையில் சுட்ட குண்டு பாய்ந்தது. சுட்டவனின் பிஸ்டலில் ‘சுவிட்ச்’ மாட்டியிருந்ததாம். அவனிடம் காசு கிடையாது. துப்பாக்கி செய்த கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் மாநிலமான இல்லினாயில் உடற்காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, கம்பெனி மீது போடலாமா? போடலாம், ஆனால் சுலபமில்லை. வேறொருவர் துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், தயாரித்தவர் மீது வழக்குப் போடுவதை 2005-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. உங்கள் விஷயத்தில் சுவிட்சும் கம்பெனி செய்ததல்ல. பிஸ்டலின் பின்பக்கம் மாட்டும் அந்தச் சின்னத் துண்டு, விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகளைத் தொடர்ந்து பாய வைக்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி அந்தத் துண்டே இயந்திரத் துப்பாக்கிதான். “மாற்றியது யாரோ, நாங்கள் எப்படிப் பொறுப்பு?” என்றுதான் கம்பெனி கேட்கும். வடிவமைப்பில் குறை என்று வாதாட அந்தச் சட்டத்தில் இடம் இருந்தாலும், வேண்டுமென்றே குற்றமாகச் சுட்டிருந்தால் அந்த வழி அடைபடும்.

மிச்சமுள்ள வழி ஒன்று: விற்பனை, விளம்பரம் பற்றிய ஒரு சட்டத்தைக் கம்பெனி தெரிந்தே மீறியது, அதனால்தான் காயம் என்று காட்டுவது. இல்லினாய் 2023-இல் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு பொறுப்புச் சட்டம் போட்டிருக்கிறது. சுலபமாக மாற்ற முடியும் என்று தெரிந்தும் அதே வடிவத்தில் விற்றார்கள் என்று 2024-இல் சிகாகோ நகரம் பிஸ்டல் தயாரிக்கும் க்ளாக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. உங்கள் வாதமும் இந்தத் தடத்தில்தான் போக வேண்டும். எதிர்த்தரப்பு, அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது மெக்சிகோ அரசு தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தந்த தீர்ப்பை நீட்டும். தவறான டீலர்களிடம் துப்பாக்கி போவது தெரியும் என்பது மட்டும் குற்றத்துக்கு உடந்தை ஆகாது என்றது அது. ஆனால் அது உடந்தை பற்றிய தீர்ப்பு. மாநிலச் சட்டத்தை நேரடியாக மீறியதாகச் சொல்லும் வழக்கு வேறு. சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் உறவுகளை இழந்த குடும்பங்கள் கனெக்டிகட் மாநிலத்தின் வணிகச் சட்டத்தைப் பிடித்துத்தான் போராடின. 2022-இல் அந்தத் துப்பாக்கியைத் தயாரித்த ரெமிங்டனின் காப்பீட்டாளர்கள் 7.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அது சமரசம், தீர்ப்பு அல்ல.

அப்புறம், துப்பாக்கியும் சுவிட்சும் பத்திரமாக இருக்கட்டும். இவ்வகை வழக்கு நடத்திய வழக்கறிஞரைப் பிடித்து, அவற்றை அழிக்கக் கூடாது என்று போலீசுக்கு உடனே எழுதச் சொல்லுங்கள். வரிசை எண்ணை வைத்து முதலில் விற்ற டீலரையும் தேடுங்கள். வேறொருவருக்காக வாங்கும் பினாமி என்று தெரிந்தே அவர் விற்றிருந்தால், கம்பெனியைவிட அவரைப் பிடிப்பது எளிது. இதற்கிடையே தம்பியின் மருத்துவச் செலவுக்கு, மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் நடத்தும் குற்றப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.