மறு: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குத் துணை இல்லையே என்ற கவலை

ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு நான்கு தனி வகுப்புகள், ஆனாலும் கூடி விளையாட ஆளில்லை, மாமியார் அதையே சொல்லிக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், சகோதரி. எங்கள் வீட்டிலும் இதே பாட்டுதான்.

முதலில் வகுப்புகளைக் குறையுங்கள். அலைச்சல்தான் மிச்சம். நாங்கள் நான்கு குடும்பங்கள் புதன்கிழமைதோறும் ஒரு மொட்டைமாடியில் கூடுகிறோம். ஒருவர் கதை சொல்வார், ஒருவர் கணக்கு. மீதி நேரம் பாண்டியும் பல்லாங்குழியும். குழிக்குக் குழி புளியங்கொட்டை போட்டே என் மகள் கூட்டல் கற்றாள்.

சென்னையில் இருப்பதால் எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம். மார்கழியில் வேடந்தாங்கலுக்கு விடியற்காலையில் கிளம்புங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். "பல் விழுந்துவிட்டதா?" என்று மகன் கேட்டான். நத்தையைப் பிடிக்க வாகான அலகு அது என்று விளக்க, அன்றைய பாடம் முடிந்தது.

நவராத்திரிக் கொலுவை மாமியார் பொறுப்பில் விட்டுவிடுங்கள். பொம்மைக்கு ஒரு கதையாக அவர் சொல்லட்டும், மற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். எங்கள் வீட்டில் அதன்பிறகு "பள்ளிக்கூடம் எப்போது?" என்ற கேள்வி வாரம் ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது.