அப்பாவின் யாஷிகாவுக்கு என்ன விலை?

கேள்வி: பீரோவை ஒழித்தபோது அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 ஃபிலிம் கேமரா தோல் உறையோடு கிடைத்தது. எப்படிச் சுத்தம் செய்வது? விற்றால் நல்ல விலை கிடைக்குமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: துணியைக் கையில் எடுக்கும் முன், தயவுசெய்து பின்கதவைத் திறக்காதீர்கள்! இந்த மாடலில் ரீவைண்ட் குமிழை (ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) மேலே இழுத்தாலே கதவு திறந்துகொள்ளும், அதனால் இழுக்காமல் அம்புக்குறிப் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, முழுதும் சுற்றி எடுத்துவிட்டு, பழைய ஃபிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால் பல வருடம் கழித்தும் படம் வர வாய்ப்பு உண்டு. கேமராவின் விலையைவிட எனக்கு அந்த ரோல்தான் முக்கியமாகப் படுகிறது.

அப்புறம் பேட்டரி அறை. இதற்கு உரிய 5.6 வோல்ட் பேட்டரி பாதரசம் கலந்தது, இப்போது வருவதில்லை. பழையது உள்ளேயே கசிந்திருந்தால் கையுறை போட்டு எடுங்கள், பிள்ளைகள் கிட்டே வர வேண்டாம். 6 வோல்ட் அல்கலைன் பேட்டரியை அடாப்டரோடு போட்டால் வேலை செய்யும். பேட்டரியே இல்லாவிட்டாலும் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடத் திறந்து மூடும் இதழ்கள்) அடிக்கும், ஆனால் 1/500 நொடி வேகத்தில் மட்டும்.

வெளித்தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கதவு ஓரத்தில் பிசுபிசுப்பாக இளகிப்போன ஸ்பாஞ்சைப் பல்குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தெடுங்கள் (வெளிச்சம் கசியாமல் இருக்க அங்கே புது ஸ்பாஞ்ச் ஒட்ட வேண்டும்). ஷட்டர் ஒட்டிக்கொண்டாலும் எண்ணெய் மட்டும் விடவே கூடாது, ஷட்டர் இதழ்களில் அது பரவினால் இன்னும் மோசம். லென்ஸுக்குள் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. அதை மெக்கானிக்தான் பிரித்துத் துடைக்க வேண்டும், லென்ஸின் மேல்பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது.

சரி, விலை. 1966ல் ஜப்பானில் வந்த இந்த வரிசை லட்சக்கணக்கில் விற்றது, பழசு என்பதற்காக மட்டும் யாரும் கொட்டிக்கொடுக்க மாட்டார்கள். வாங்க வருபவர் முதலில் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்: ‘டக்’ என்ற சத்தம் வராவிட்டால் உள்ளே ஒரு ரப்பர் துண்டு கெட்டிருக்கிறது என்று அர்த்தம், விலையும் இறங்கும். இணையத்தில் கேட்கிற விலையை நம்பாதீர்கள், விற்றுமுடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். புது ரோல் ஒன்று போட்டு எடுத்த படங்களைக் காட்டினால் பேரம் பேச வசதியாக இருக்கும்.