நான்காவது டவுன்: உதைப்பதா, துணிவதா? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்கா வந்து மூணு வருஷம் ஆச்சு. திங்கட்கிழமை ஆனா ஆபீஸ்ல எல்லாரும் "நாலாவது டவுன்ல ஏன் போனான்"னு சண்டை போடுறாங்க. எனக்கு அடிப்படையே புரியலை.

தம்பி, அமெரிக்கன் ஃபுட்பாலில் பத்து யார்டு நகர நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் பெயர் டவுன். நகர்ந்துவிட்டால் மறுபடி நான்கு. மூன்று வாய்ப்பு போயும் பத்து தேறவில்லை என்றால் நான்காவதில் மூன்று வழி உண்டு. பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம், அதுதான் பன்ட். கம்பம் கிட்டத்தில் இருந்தால் பந்தை அதன் நடுவே உதைத்து 3 புள்ளி வாங்கலாம், அது ஃபீல்டு கோல். இல்லையென்றால் துணிந்து ஆடலாம், ஆபீஸில் "போனான்" என்பது இதைத்தான். துணிந்து ஆடித் தேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். சண்டையெல்லாம் இந்த மூன்றாவது வழியால்தான்.

மகன் படிக்கும் பள்ளியின் ஆட்டங்களில் சங்கிலி பிடிக்கும் வேலை எனக்கு. இரண்டு கம்பு, நடுவில் பத்து யார்டு சங்கிலி. அளக்கச் சொன்னால், ஒரு ஐந்து யார்டு கோட்டுக்கு நேராகச் சங்கிலியில் கிளிப் மாட்டியிருப்போம். அதைப் பிடித்தபடியே உள்ளே ஓடுவோம். சங்கிலியை இழுத்துப் பிடித்ததும் ஒரு கணம் மைதானமே மூச்சுவிடாது. ஒருமுறை பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் இடையில் நான்கு விரல்கூட இருக்காது. பந்து எதிரணிக்குப் போனது. அந்த நான்கு விரலைப் பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கேள்வி: என்ன சொன்னாலும் பன்ட்தானே பாதுகாப்பு?

எந்த இடத்திலிருந்து என்று பாருங்கள். எதிரணியின் 38 யார்டு கோட்டில், அதாவது அவர்கள் கோல் கோட்டுக்கு 38 யார்டு தூரத்தில், நிற்கிறீர்கள். பன்ட் அடித்து அது கோல் கோட்டைத் தாண்டிய எண்ட் ஸோனுக்குள் உருண்டுவிட்டால், எதிரணி 20 யார்டு கோட்டில் தொடங்கும். லாபம் வெறும் 18 யார்டு. அதற்காகப் பந்தையே கொடுத்துவிட்டோம். ஃபீல்டு கோல் என்றால், கோட்டிலிருந்து உள்ள தூரத்தோடு சுமார் 17 யார்டு கூட்டிக்கொள்ள வேண்டும். 55 யார்டு உதை. தவறினால் உதைத்த இடத்திலேயே, அதாவது 45 யார்டு கோட்டுப் பக்கம், பந்து அவர்களுக்கு. இந்த இடத்தில் இன்னும் ஒன்றிரண்டு யார்டுதான் தேவை என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ஆடச் சொல்வேன். பத்து யார்டு தேவை என்றால் பேச்சே வேறு.

கேள்வி: எதிரணியின் 2 யார்டு கோட்டில் கையில் இருக்கும் 3 புள்ளியை விடலாமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஐயா, மனசு ஒப்பாததுதான் இயல்பு. கணக்கை மட்டும் பாருங்கள். பந்தை எண்ட் ஸோனுக்குள் சேர்த்தால் டச்டவுன்; அதுவும் கூடவே கிடைக்கும் உதையும் சேர்ந்து 7 புள்ளி. ஏழு தடவை முயன்று மூன்று தடவை தேறினாலே, ஏழு ஃபீல்டு கோலுக்குச் சமம். இதில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: தோற்றாலும் எதிரணி தன் எண்ட் ஸோன் வாசலில், 2 யார்டு கோட்டில் மாட்டிக்கொள்கிறது. 3 புள்ளி எடுத்தால், ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கிக்காஃப் உதையை அடித்து அவர்களுக்கு நல்ல இடத்தில் பந்தைக் கொடுக்கிறீர்கள்.

பெர்க்லியின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துப் பார்த்தது. ஸ்கோரும் கடிகாரமும் முடிவைக் குழப்பாத முதல் கால்பகுதி ஆட்டங்களை மட்டும் எடுத்தார். நான்காவது டவுனில் துணிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் மூன்றாவது டவுன் முடிவுகளை வைத்துக் கணித்தார். கோச்சுகள் தேவைக்கு மேல் உதைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடம், 2 புள்ளி பின்தங்கியிருக்கிறோம் என்றால் 3 புள்ளியை எடுங்கள். அங்கே சராசரிக் கணக்கு செல்லாது.

கேள்வி: பேட்ரியாட்ஸ் கோச் பெலிச்சிக் 2009இல் நான்காவது டவுனில் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

இல்லை. இதை நான் எத்தனை பேரிடமும் வாதாடுவேன். நவம்பர் 15, இண்டியானாபொலிஸ். பேட்ரியாட்ஸ் 34–28 முன்னிலை, இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் பாக்கி. தங்கள் 28 யார்டு கோட்டிலேயே நான்காவது டவுன், தேவை 2 யார்டு. பெலிச்சிக் ஆடச் சொன்னார். பேட்ரியாட்ஸின் பிரேடி எறிந்ததைக் கெவின் ஃபாக் பிடித்தார், தேவையான கோட்டைத் தொடவில்லை. எதிரணியான கோல்ட்ஸின் பேட்டன் மேனிங் அங்கிருந்தே டச்டவுன் அடித்து 35–34 என்று வென்றார்.

இப்போது சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். இரண்டு யார்டு தேற 60 சதவீதம். தேறினால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. தேறாவிட்டால் அவ்வளவு கிட்டத்திலிருந்து மேனிங் அடிக்க 50 சதவீதம். பன்ட் அடித்தால் தூரத்திலிருந்து அவர் அடிக்க 30 சதவீதம். துணிந்தால் வெற்றி வாய்ப்பு 60, அதோடு மிச்சம் 40இல் பாதி 20, ஆக 80. பன்ட் அடித்தால் 70. மேனிங் மேல் உங்களுக்குப் பயம் கூடக் கூட பன்டின் மதிப்பு இன்னும் குறையும். அவரிடம் பந்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் அன்று பாதுகாப்பு.

கேள்வி: நீங்க டெட்ராய்ட் பக்கம்தானே? உங்க லயன்ஸ் கோச் டேன் கேம்பெல் பத்தி சொல்லுங்க.

சொல்கிறேன், வலிக்கும். 2024 ஜனவரி 28, சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிரான அரையிறுதி. பாதி ஆட்டத்தில் லயன்ஸ் 24–7. பிறகு 24–10 இருக்கும்போது எதிரணியின் 28இல், தேவை 2. ஜோஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பந்து நழுவியது. கடைசிக் கால்பகுதியில் 24–27 பின்தங்கியபோது 30 யார்டு கோட்டில், தேவை 3; அதுவும் போனது. முடிவு 31–34.

முதலாவதில் உதைத்திருந்தால் 17 புள்ளி முன்னிலை. இருபக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வருஷம் முழுக்க இதே துணிச்சலில்தான் அணி அங்கே வந்து நின்றது. ஆட்டம் சரியாகத்தான் வரையப்பட்டது, பந்தும் கைக்கு வந்தது. நழுவிய பந்துக்காக முடிவைத் திட்ட நான் தயாரில்லை.

கேள்வி: இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இப்படித் துணிந்து ஜெயித்தவர்கள் உண்டா?

2018 பிப்ரவரி, ஈகிள்ஸ். வழக்கமாகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸே பந்தைப் பிடித்து டச்டவுன் அடித்த அந்தத் தந்திர ஆட்டத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அன்று பிற்பாடு நடந்தது. 32–33 பின்தங்கி, ஆறு நிமிடத்துக்கும் குறைவு, சொந்த 45 யார்டு கோடு, தேவை 1. பன்ட் அடித்தால் பந்து எதிரணியான பேட்ரியாட்ஸின் பிரேடிக்கு. ஈகிள்ஸ் கோச் டக் பீடர்சன் ஆடச் சொன்னார். ஃபோல்ஸ் எறிய ஜாக் எர்ட்ஸ் பிடித்தார். பந்தை விடாமல் தொடர்ந்து ஆடியதில் டச்டவுன் வந்தது. 41–33.

கேள்வி: துணிவது என்று முன்பே முடிவு செய்தால் என்ன லாபம்?

மூன்றாவது டவுனே மாறிவிடும். 7 யார்டு தேவை என்றால் வழக்கமாக எறிந்தே ஆக வேண்டும், எதிரணிக்கும் அது தெரியும். நான்காவதும் நமக்கு உண்டு என்றால் ஓடி 5 எடுக்கலாம், மிச்சம் 2. ஆர்கன்ஸாவில் புலாஸ்கி அகாடமி என்ற பள்ளியின் கோச் கெவின் கெல்லி பன்டையே ஏறக்குறைய ஒழித்துவிட்டு மாநிலப் பட்டங்கள் வாங்கினார்.

கேள்வி: நான்காவது டவுனில் துணிந்து எறிந்த பந்தை எதிரணி வீரர் பிடிக்காமல் தட்டிவிட்டார். பிடித்தால் நல்லதுதானே?

தட்டிவிட்டதுதான் புத்திசாலித்தனம். பந்து கீழே விழுந்தால், அந்த டவுன் தொடங்கிய கோட்டிலேயே அவர் அணிக்குக் கிடைக்கும். 30 யார்டு பின்னால் பிடித்து அங்கேயே விழுந்தால் அந்த 30 யார்டும் நஷ்டம். இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு மூன்று பேராவது ஆசையில் பிடித்துவிடுவார்கள், கவனித்துப் பாருங்கள்.